நாளைக்கு என்று தள்ளாத மேதை

காலை ஒன்பது மணி. மாட்டுங்காவிலோ சயானிலோ ஒரு பஸ் நிறுத்தம். வரிசையில் முப்பது பேர் நிற்கிறார்கள். ஒருவருடைய மனம் அடுத்த மாதம் ஊருக்குப் போக வேண்டிய ரயில் டிக்கெட்டில் இருக்கிறது. இன்னொருவருக்குப் பெண்ணின் கல்யாணக் கவலை. மூன்றாமவர், ரிடையர் ஆனபின் திருநெல்வேலிப் பக்கம் கட்டப்போகும் வீட்டின் திண்ணையில் மனத்தளவில் இப்போதே போய் உட்கார்ந்துவிட்டார். நான்காமவர், பத்து வருஷத்துக்கு முன்னால் தம்பியோடு போட்ட சண்டையை மறுபடியும் மனத்துக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார். நிறுத்தத்தில் நிற்பவர்கள் முப்பது பேர்தான். ஆனால் அந்தக் காலை ஒன்பது மணியில் ஒருவர்கூட இல்லை.

இப்படிப்பட்ட மனிதனைப் பற்றி 360 ஆண்டுகளுக்கு முன்பே கூர்ந்து யோசித்து எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்த மனிதன் ஏறப்போகும் பஸ்ஸுக்கும் அவரே ஒருவகையில் பாட்டனார்! மும்பையில் முதல் மோட்டார் பஸ் ஓடியது 1926 ஜூலை 15-ஆம் தேதி. அதற்கு 264 ஆண்டுகளுக்கு முன்னால், 1662 மார்ச் 18-ஆம் தேதி, பாரிஸ் நகரத் தெருக்களில் குறித்த பாதையில், குறித்த நேரத்தில், ஒரே கட்டணத்தில் பொதுமக்களை ஏற்றிச்செல்லும் குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கின. அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் பிளேய்ஸ் பாஸ்கல்.

பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. திரவங்களின் அழுத்தத்தைப் பற்றிய பாஸ்கல் விதியை மனப்பாடம் செய்யாத மாணவன் இல்லை. கணிதத்தில் பாஸ்கல் முக்கோணம் உண்டு. அழுத்தத்தை அளக்கும் சர்வதேச அலகுக்கு 1971-இல் அவர் பெயரையே சூட்டினார்கள். கம்ப்யூட்டர் மொழி ஒன்றும் 1970-இல் அவர் பெயரோடு பிறந்தது. இவ்வளவு புகழுக்கும் உரிய அந்த மனிதர் பூமியில் வாழ்ந்தது 39 ஆண்டுகள் மட்டுமே. அதிலும் 18 வயதுக்குப் பிறகு வலி இல்லாத நாள் என்று ஒரு நாளைக்கூட அவர் அறியவில்லை என்று அவருடைய தமக்கை எழுதிவைத்திருக்கிறார்.

ஆயுள் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு கிறிஸ்தவர் தம் வாழ்க்கையாலேயே எழுதிய பதில் பாஸ்கலின் சரித்திரம்.

கரித்துண்டும் கணிதமும்

பிரெஞ்சு நாட்டின் நடுப்பகுதியில் மலைகள் சூழ்ந்த கிளெர்மோன் என்ற ஊரில் 1623 ஜூன் 19-ஆம் தேதி பாஸ்கல் பிறந்தார். தகப்பனார் எத்தியேன் பாஸ்கல், வரி வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் உயர் பதவி வகித்தவர். அக்காள் ஜில்பெர்த், தங்கை ஜாக்லின். பாஸ்கலுக்கு மூன்று வயதானபோது தாயார் இறந்துபோனார். தகப்பனார் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1631-இல் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே பாடம் சொல்லிக்கொடுத்தார்.

அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. முதலில் லத்தீனும் கிரேக்கமும் வரட்டும். கணிதம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கணிதத்தில் புகுந்துவிட்டால் பையன் வேறெதிலும் மனம் செலுத்தமாட்டான் என்று பயந்து, அந்தப் புத்தகங்களையெல்லாம் எடுத்து மறைத்துவைத்தார். ஆனால் 12 வயதுப் பையன் விளையாட்டு நேரத்தில் தரையில் கரித்துண்டால் கோடுகளும் வட்டங்களும் வரைந்து, அவற்றுக்குத் தானே பெயர் வைத்து, ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்ற இடம் வரைக்கும் யாருடைய உதவியும் இல்லாமல் வந்துவிட்டான். பின்னால் வந்து நின்ற தகப்பனார் அதைப் பார்த்துக் கண்கலங்கினார். அன்று முதல் தடை நீங்கியது. 16 வயதில் கூம்பு வெட்டுகளைப் பற்றி பாஸ்கல் எழுதிய சிறு கட்டுரை பாரிஸ் அறிஞர்களை வியக்கவைத்தது.

தங்கை ஜாக்லினும் சாமானியப்பட்டவர் அல்லர். சிறு வயதிலேயே கவிதை எழுதியவர். 1638-இல் அவருக்குப் பெரியம்மை கண்டு, உயிர் பிழைத்தாலும் முகத்தில் வடு நின்றுவிட்டது. அதே சமயம் அரசாங்கத்தின் கடன் பத்திர விஷயத்தில் எதிர்ப்புத் தெரிவித்த தகப்பனார், முதலமைச்சர் ரிஷ்லியேவின் கோபத்துக்கு அஞ்சித் தலைமறைவாக இருந்தார். அடுத்த ஆண்டில் ரிஷ்லியே முன்னிலையில் நடந்த ஒரு நாடகத்தில் ஜாக்லின் நடித்து, அவர் மனம் மகிழ்ந்த நேரம் பார்த்துத் தகப்பனாருக்கு மன்னிப்பு வாங்கிக்கொடுத்தார். மன்னிப்போடு வேலையும் கிடைத்தது. ரூவான் நகரில் வரி வசூல் அதிகாரி பதவி.

தகப்பனாருக்காக ஓர் இயந்திரம்

வரி வசூல் என்றால் இரவு பகலாகக் கணக்கு. தகப்பனார் கூட்டிக் கூட்டிக் களைத்துப்போவதை மகன் பார்த்தார். இந்த வேலையைச் சக்கரங்கள் செய்தால் என்ன என்று தோன்றியது. 1642-இல், 19 வயதில், ஒரு கணக்கு இயந்திரத்தை உருவாக்கத் தொடங்கினார். பல் சக்கரங்கள் சுழலும். ஒன்பதைத் தாண்டினால் பக்கத்துச் சக்கரம் ஒரு பல் நகரும். சரியாக அமையும்வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்தார். விலை அதிகமாக இருந்ததால் இயந்திரம் அதிகம் விற்கவில்லை. ஆனால் இன்று கடைக்காரர் மேஜை மேல் இருக்கும் கால்குலேட்டரின் வம்சவரலாறு எழுதினால் அதை விட்டுவிட முடியாது.

அந்த உழைப்பு உடம்பைப் பாதித்தது. தலைவலியும் வயிற்று வலியும் நிரந்தர விருந்தாளிகள் ஆயின. 1647-இல் கால்கள் ஏறக்குறைய செயலிழந்து, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத நிலை. நீர் ஆகாரத்தைக்கூட வெதுவெதுப்பாக்கிச் சொட்டுச் சொட்டாகத்தான் விழுங்க முடிந்தது.

இதற்கிடையில் 1646 ஜனவரியில் ஒரு சம்பவம். தகப்பனார் உறைபனியில் சறுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டார். எலும்பு கட்டுவதில் கைதேர்ந்த இரு சகோதரர்கள் மூன்று மாதம் அந்த வீட்டிலேயே தங்கி வைத்தியம் செய்தார்கள். அவர்கள் ஆழ்ந்த பக்திமான்கள். கத்தோலிக்கத் திருச்சபைக்குள் ஜான்சேன் என்ற ஆயரின் போதனையைப் பின்பற்றி, மனிதனுடைய சொந்த முயற்சியைவிட இறைவனின் கிருபையே பெரிது என்று வலியுறுத்திய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கொடுத்த புத்தகங்களைக் குடும்பமே படித்தது. முதலில் மனம் மாறியவர் பாஸ்கல். மற்றவர்களை மாற்றியவரும் அவரே. தங்கை ஜாக்லினுக்கோ, கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்ற ஆசையே உறுதியாகிவிட்டது.

மலை உச்சியில் பாதரசம்

ஆனால் பாஸ்கலின் அறிவு ஓயவில்லை. கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கவிழ்த்தால் அது ஓரளவுக்குமேல் இறங்காமல் நிற்கிறது. குழாயின் மேற்பகுதியில் இருப்பது என்ன? வெற்றிடம் என்ற ஒன்று இயற்கையில் இருக்கவே முடியாது என்பது அக்காலத்துப் பண்டிதர்களின் வாதம். வெளியே இருக்கும் காற்றின் கனம்தான் பாதரசத்தைத் தாங்கிப் பிடிக்கிறது என்றால், மலை உச்சியில் காற்று குறையும். பாதரசமும் இறங்கியாக வேண்டும் என்று பாஸ்கல் கணித்தார்.

சொந்த ஊருக்கு அருகே 1,465 மீட்டர் உயரமுள்ள புய் த டோம் மலை இருந்தது. நோயாளியான தம்மால் ஏற முடியாது. அக்காள் கணவர் புளோரேன் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். 1648 செப்டம்பர் 19-ஆம் தேதி பெரியே ஊர்ப் பெரியவர்களோடு மலையேறினார். அடிவாரத்தில் ஒரு குழாயை வைத்து, நாள் முழுவதும் அதைக் கவனித்துக்கொண்டிருக்க ஒரு துறவியையும் நிறுத்திவிட்டுப் போனார். கீழே இருந்த குழாயில் மாற்றமே இல்லை. உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கி நின்றது. காற்றுக்குக் கனம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்படி நிரூபணமாயிற்று.

இவ்வளவும் 25 வயதுக்குள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாஸ்கல் குறையில்லாத மகான் அல்லர். தம் கண்டுபிடிப்புகளின் பெருமையில் அவருக்குப் பற்று அதிகம். வாதத்தில் எதிராளியைக் கிழித்துப்போடாமல் விடமாட்டார். 1651 செப்டம்பரில் தகப்பனார் காலமானதும் ஜாக்லின் மடத்துக்குப் புறப்பட்டபோது, ஒருகாலத்தில் அவருக்கு வழிகாட்டிய அதே அண்ணன் குறுக்கே நின்றார். தனிமைக்குப் பயந்தார், தங்கையின் பங்குப் பணத்தை மடத்துக்குக் கொடுப்பதிலும் தகராறு செய்தார். தங்கை எதையும் பொருட்படுத்தாமல் 1652 ஜனவரியில் போர் ரோயால் மடத்தில் சேர்ந்தார். பின்னால் பாஸ்கல் இறங்கிவந்து பணத்தைக் கொடுத்தார்.

அதன்பின் இரண்டு மூன்று வருஷங்கள் அவர் உலகப் போக்கில் திளைத்தார். மூளைக்கு ஓய்வு கொடுத்துப் பொழுதுபோக்குகளில் ஈடுபடுமாறு வைத்தியர்களும் சொல்லியிருந்தார்கள். பிரபு குடும்பத்து நண்பர்கள், உரையாடல், விளையாட்டு. சூதாட்டப் பிரியரான நண்பர் ஒருவர் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். பணயம் வைத்து ஆடும் ஆட்டம் பாதியில் நின்றுபோனால், இருவருக்கும் பணத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது நியாயம்? 1654-இல் இதைப் பற்றி பாஸ்கலும் ஃபெர்மா என்ற மற்றொரு கணித மேதையும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து நிகழ்தகவு என்ற கணிதத் துறையே பிறந்தது. இன்றைய இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு அஸ்திவாரம் அந்தக் கணக்குதான். பாதியில் நின்றுபோகும் ஆட்டத்தைப் பற்றி யோசித்த அந்த மனிதருக்குத் தம் சொந்த ஆட்டத்தில் எட்டு வருஷமே மிச்சம் என்று அப்போது தெரியாது.

இரண்டு மணி நேரம்

வெளியே புகழ், உள்ளே வெறுமை. மடத்தில் இருந்த தங்கையை அடிக்கடி பார்க்கப் போனார். உலகத்தின் மேல் சலிப்பு வந்துவிட்டது. ஆனால் கடவுளிடமும் மனம் ஒட்டவில்லை என்று அவரிடம் சொல்லி வருந்தினார்.

1654 நவம்பர் 23-ஆம் தேதி திங்கட்கிழமை. இரவு பத்தரை மணியிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டரை வரை பாஸ்கலுக்கு ஓர் அனுபவம் நேர்ந்தது. அறிவினால் வாதித்து நிறுவப்படும் கடவுள் அல்ல. மனிதர்களோடு நடந்த, பேசிய கடவுளே இயேசு கிறிஸ்துவில் தம்மைச் சந்தித்ததாக அவர் உணர்ந்தார். நெருப்பு என்ற ஒரு சொல்லைத் தவிர அதை விவரிக்க அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஆண்டு, தேதி, மணி எல்லாவற்றையும் குறித்து, மனத்தில் பொங்கியதைச் சில வரிகளில் ஒரு தாளில் எழுதினார். அதைத் தோல் காகிதத்தில் பிரதி எடுத்து, இரண்டையும் அங்கியின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். புது அங்கி மாற்றும்போதெல்லாம் தாமே தையலைப் பிரித்து எடுத்துப் புதிதில் வைத்துத் தைத்தார். எட்டு வருஷம் இது யாருக்கும் தெரியாது. மறைவுக்குப் பிறகு ஒரு வேலைக்காரர் அங்கியில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டதைக் கவனித்தபோதுதான் வெளிவந்தது.

பத்து வருஷம் கேட்டவர்

அதன்பின் பாஸ்கலின் எழுத்து அடியோடு மாறியது. போர் ரோயால் நண்பர்களுக்காகப் புனைபெயரில் எழுதிய 18 கடிதங்கள் 1656, 1657-ஆம் ஆண்டுகளில் பாரிஸையே கலக்கின. பிரெஞ்சு உரைநடைக்கே அவை இலக்கணம் என்று பின்வந்தவர்கள் பாராட்டினார்கள். ரோமாபுரியோ அவற்றைத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது.

கிறிஸ்தவ நம்பிக்கைக்கு ஆதரவாக ஒரு பெரிய நூல் எழுத வேண்டும் என்பதே அவருடைய லட்சியம். 1658-இல் அதன் திட்டத்தை நண்பர்களுக்கு விளக்கினார். அதை முடிக்கப் பத்து வருஷ ஆரோக்கியம் வேண்டும் என்று சொன்னார். கிடைத்ததோ நான்கு வருஷம், அதுவும் நோயில். பெரிய தாள்களில் எழுதி, கத்தரித்து, நூலில் கோத்துக் கட்டுக் கட்டாக வைத்த குறிப்புகளோடு அந்த நூல் நின்றுபோயிற்று. 1670-இல் நண்பர்கள் அந்தத் துண்டுகளைத் தொகுத்துச் சிந்தனைகள் என்ற பெயரில் வெளியிட்டார்கள். உலகத்தின் பெரிய நூல்களில் ஒன்று, முடிக்கப்படாத நூல்!

அந்தக் குறிப்புகளில்தான் நம் பஸ் நிறுத்தத்து மனிதர் வருகிறார். பாஸ்கல் கண்ட உண்மை எளிமையானது. மனிதன் கடந்துபோன காலத்தைத் துரத்துகிறான். வரப்போகும் காலத்தை இழுக்கப் பார்க்கிறான். கைவசம் இருக்கும் ஒரே பொழுதை மட்டும் கவனிக்காமல் விடுகிறான். நேற்றும் இன்றும் அவனுக்கு நாளைக்குப் போகும் படிக்கட்டுகள். ஆகவே வாழ்வதற்கு ஓயாமல் ஏற்பாடு செய்துகொண்டே இருக்கிறான். வாழத் தொடங்குவதே இல்லை. அமைதியாக ஓர் அறையில் உட்கார்ந்தால் தன் சாவின் நினைவு வந்துவிடுமே என்று பயந்து, வேட்டை, சூதாட்டம், பதவி, சண்டை என்று ஓடிக்கொண்டே இருக்கிறான்.

ஆயுள் குறைவானது என்று சொல்லும்போது உலகம் பொதுவாக இரண்டு முடிவுகளுக்கு வருகிறது. ஒன்று, இருக்கும்வரை அனுபவித்துவிடு என்பது. மற்றொன்று, இந்த உலகம் வெறும் சத்திரம், இங்கே எதுவும் பொருட்டல்ல என்பது. பாஸ்கல் இரண்டையும் ஏற்கவில்லை. 1656-இல், நண்பரான ரோவான்னே பிரபுவின் தங்கைக்கு எழுதிய கடிதம் ஒன்றில் தம் கருத்தைத் தெளிவாகச் சொன்னார். இறந்தகாலம் நம் கையை விட்டுப் போனது. அதைப் பற்றி வருந்தலாமே தவிர மாற்ற முடியாது. எதிர்காலம் நம்மிடம் வந்து சேராமலே போகலாம். இன்றைய பொழுது மட்டுமே நமக்குச் சொந்தம். அதைக் கடவுளின் சித்தப்படி செலவிட வேண்டும். நாளைக்காகக் கவலைப்பட வேண்டாம் என்று இயேசு மலைப் பிரசங்கத்தில் போதித்ததன் பொருள், சோம்பியிருப்பது அல்ல. இன்றைக்கு உரிய கடமை இன்றைக்கே நம் வாசலில் நிற்கிறது என்பதுதான். கடவுளுக்குச் செய்ய வேண்டியதையும் அயலானுக்குச் செய்ய வேண்டியதையும் நேற்றோ நாளையோ செய்ய முடியாது.

இதை எழுதுவது சுலபம். பாஸ்கல் என்ன செய்தார்?

ஐந்து சோல் வண்டி

1661 அக்டோபரில் ஜாக்லின் மடத்தில் காலமானார். உலகத்தில் தாம் மிகவும் நேசித்த அந்தத் தங்கையின் மரணச் செய்தியைக் கேட்டபோது, தமக்கும் அப்படியொரு நல்ல சாவு கிடைக்க வேண்டும் என்பதற்குமேல் அவர் அதிகம் பேசவில்லை. அதன்பின் சில மாதங்களில்தான் பஸ் யோசனை நிறைவேறியது.

சொந்த வண்டி வைத்திருக்கும் பணக்காரர்களுக்குப் பாரிஸ் ஒரு நகரம்; நடந்து போகிறவர்களுக்கு அது சேறு. ரோவான்னே பிரபுவும் வேறு சிலரும் கூட்டுச் சேர்ந்து அரசர் பதினான்காம் லூயியின் அனுமதி பெற்றார்கள். முதல் தடத்தில் ஏழு வண்டிகள். ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர். ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த நேரத்தில் புறப்படும். கட்டணம் ஐந்து சோல். படைவீரர்களும் கூலிக்காரர்களும் ஏறக்கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை விதித்தது அந்தக் காலத்துக் குறை. முதல் சில நாட்களிலேயே கூட்டம் தாங்கவில்லை. தெருவில் பலர் காத்து நிற்பதையும், வண்டி வந்தால் அது நிறைந்து வருவதையும் அக்காள் ஜில்பெர்த் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தாதர் நிலையத்துக்கு வெளியே நின்று பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

இந்த வண்டியில் பாஸ்கல் தேடிய லாபம் என்ன? அந்தக் குளிர்காலத்தில் புளுவா நகரப் பகுதியில் கடும் பஞ்சம். ஏழைகள் பட்டினியால் வாடினார்கள். வண்டி வருமானத்தில் தம் பங்கிலிருந்து ஆயிரம் பிராங்க் முன்பணமாகக் கேட்டு, உடனே அங்கே அனுப்ப நினைத்தார். ஜில்பெர்த் குடும்பப் பொறுப்புள்ளவர். வியாபாரம் நிலைக்குமா என்று தெரியாது, அடுத்த வருஷம் வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாமே என்று சொன்னார். நியாயமான யோசனைதான், நம் வீட்டிலும் அக்காள்மார் அப்படித்தான் சொல்வார்கள். பாஸ்கல் ஒப்பவில்லை. நஷ்டம் வந்தால் தம் சொத்திலிருந்து திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் பசி அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்காது என்பதே அவர் கருத்து. மற்றவர்களோடு ஏற்பாடு கூடிவராமல் போனதால் அந்த எண்ணம் நிறைவேறவில்லை. பின்னர் உயில் எழுதும்போது, வண்டி வருமானத்தில் ஒரு பகுதியைப் பாரிஸ், கிளெர்மோன் பொது மருத்துவமனைகளுக்கு எழுதிவைத்தார்.

பல் சக்கரக் கணக்கையும் நிகழ்தகவுக் கணக்கையும் கண்டுபிடித்தவருக்கு அடுத்த வருஷத்து லாபநஷ்டக் கணக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அடுத்த வருஷம் தமக்கு உண்டா என்ற கணக்கையும் அவர் சேர்த்துப் பார்த்தார்.

வீட்டை விட்டு வெளியேறியவர்

கையில் இருந்ததையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்த பாஸ்கல், தம் வீட்டிலேயே ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடமும் விறகும் கொடுத்து வைத்திருந்தார். 1662 ஜூனில் அந்த வீட்டுப் பிள்ளை ஒன்றுக்குப் பெரியம்மை கண்டது. 1980-இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட அந்த நோய், அந்நாளில் எமனுக்குச் சமம். ஜாக்லினின் முகத்தில் அது விட்டுச்சென்ற வடுவைப் பார்த்து வளர்ந்தவர் பாஸ்கல்.

அப்போது பாஸ்கலே படுக்கையில் இருந்தார். அவரைப் பார்க்க ஜில்பெர்த் தினமும் வருவார். அவர் வழியாக அவர் குழந்தைகளுக்குத் தொற்றிவிடக் கூடாதே! யாராவது ஒருவர் வீட்டை விட்டுப் போக வேண்டும். வீட்டுக்காரர் அவர், தங்கியிருப்பவர்கள் ஏழைகள். உலக வழக்கப்படி யார் போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அம்மை கண்ட பிள்ளையை இடம் மாற்றினால் அதற்கு ஆபத்து. தமக்கு அவ்வளவு ஆபத்து இல்லை என்று சொல்லி, ஜூன் 29-ஆம் தேதி பாஸ்கல் தம் வீட்டை அவர்களிடம் விட்டுவிட்டு அக்காள் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

மூன்று நாளில் கடும் வயிற்று வலி தொடங்கியது. வைத்தியர்கள் ஆபத்தில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் நற்கருணை வாங்க ஆசைப்பட்டார். நோய் அவ்வளவு முற்றவில்லை என்று சொல்லித் தள்ளிப்போட்டார்கள். அப்படியானால் ஓர் ஏழை நோயாளியை இந்த வீட்டுக்கே அழைத்துவந்து, எனக்குச் செய்யும் பணிவிடை அத்தனையும் அவருக்கும் செய்யுங்கள் என்று கேட்டார். கிறிஸ்துவை நற்கருணையில் பெற முடியாவிட்டால் ஏழைகளில் பெறலாம் என்பது அவர் எண்ணம். தகுந்த நோயாளி கிடைக்கவில்லை. பிறகு, தீராத நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரிக்குத் தம்மைத் தூக்கிச் செல்லுமாறும், ஏழைகள் நடுவே சாக விரும்புவதாகவும் மன்றாடினார். வைத்தியர்கள் அனுமதிக்கவில்லை.

ஆகஸ்டு 17-ஆம் தேதி நள்ளிரவில் வலிப்பு கண்டது. உயிர் போய்விட்டது என்றே நினைத்தார்கள். சற்று நேரத்தில் தெளிவு வந்தது. பங்குக் குரு நற்கருணையோடு வந்து சேர்ந்தார். பாஸ்கல் தாமாகவே பாதி எழுந்து உட்கார்ந்து, கண்ணீரோடு அதைப் பெற்றுக்கொண்டார். மறுபடி வலிப்பு. 24 மணி நேரத்துக்குப் பின், 1662 ஆகஸ்டு 19-ஆம் தேதி பின்னிரவு ஒரு மணிக்கு உயிர் பிரிந்தது. வயது 39 ஆண்டு, சரியாக இரண்டு மாதம். பாரிஸில் புனித எத்தியேன் தேவாலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

இன்று என்ற பொழுது

பாஸ்கலின் எல்லாவற்றையும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை. முள் பதித்த இடைவாரைக் கட்டிக்கொண்டு உடம்பை வருத்தியதையும், பிள்ளைகள் தாயைக் கட்டித் தழுவுவதைக்கூடக் கண்டித்ததையும் இன்றைய கிறிஸ்தவர் பலர் ஏற்கமாட்டார்கள். உடல் நலம் கெட்ட ஒரு மனிதரின் கடுமை அது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து வருஷம் வேண்டும் என்று அவர் கேட்ட பெரிய காரியம் முடியவில்லை. அந்தந்த நாளில் செய்த சிறிய காரியங்கள் எல்லாம் முடிந்தன. ஏழைக் குடும்பத்துக்கு விறகு கிடைத்தது. அம்மை கண்ட பிள்ளைக்குப் படுக்கை கிடைத்தது. நூலின் குறைவை நண்பர்கள் பின்னால் தொகுத்து ஈடுசெய்ய முடிந்தது. அந்த ஜூன் 29-ஆம் தேதி அவர் வீட்டை விட்டுப் போகாமல் இருந்திருந்தால், அதை யாராலும் பிறகு ஈடுசெய்திருக்க முடியாது.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இது சற்று ஆழமாகத் தைக்கும் செய்தி. இங்கே இருப்பது தாற்காலிகம், உண்மையான வாழ்க்கை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் என்ற நினைப்பில் முப்பது வருஷம் ஓடிவிடுகிறது. பக்கத்துக் குடித்தனக்காரர் பெயர்கூடத் தெரியாமல் போகிறது. பிள்ளைகள் வளர்ந்தது எப்போது என்று தெரிவதில்லை. அம்மாவுக்கு எழுத வேண்டிய கடிதம், தம்பியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு, மாதக் கடைசியில் கையை நீட்டுகிற ஓர் ஏழைக்குக் கொடுக்க வேண்டிய பத்து ரூபாய், எல்லாம் அடுத்த வருஷத்துக்கு என்று வரிசையில் நிற்கின்றன.

ஊருக்குத் திரும்பத் திட்டமிடுவது தவறல்ல. பாஸ்கலும் திட்டமிட்டவர்தான், வண்டிகளுக்கு நேரம் குறித்தவர்தான். ஆனால் குறித்த நேரம் வந்தால், ஆள் நிறையவில்லை என்று அந்த வண்டி காத்து நிற்கவில்லை, புறப்பட்டுப் போயிற்று. நம்முடைய இந்த நாளும் அப்படித்தான். நாம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் புறப்பட்டுவிடும். நாளைக் காலை பஸ்ஸுக்காக நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவரை ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். அன்றைய கடமை அங்கேயே நின்றுகொண்டிருக்கக் கூடும்.